செலவில்லாச் செலவு

'செலவு' என்ற சொல்லைக் கேட்டதும் இன்று நம் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறது. சங்கச் செய்யுட்களில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் கலங்கிய கண்களைக் கண்டு பயணத்தைத் தள்ளிவைப்பதைச் 'செலவழுங்குதல்' என்று இலக்கணம் குறிக்கும். ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்தும்போது மாணவர் ஒருவராவது, "செலவை நிறுத்திச் சிக்கனமாகிவிட்டானா ஐயா?" என்று கேட்பது வழக்கம். வகுப்பு சிரிக்கும், நாமும் சிரித்துவிட்டு அடுத்த துறைக்குப் போய்விடுவோம். அச்சிரிப்புக்குள் ஒரு வரலாறு இருக்கிறது என்பதைச் சென்ற தை மாதத்தில், நேமத்தான்பட்டியிலிருந்து நகரப் பேருந்தில் சென்று திரும்பிய ஒரு பகற்பொழுதில் அறிந்துகொண்டோம். அதை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நம்மோடு வந்தவர்கள் இருவர். ஒருவர், எண்பதை நெருங்கும் ஆச்சி. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் வீட்டில் தனியே வாழ்பவர். மற்றவர், அவ்வீட்டில் நாற்பது ஆண்டுகளாக வேலை பார்த்து வரும் அம்மாள், அறுபத்தைந்து வயதிருக்கலாம். பழைய ஏடுகளைப் பார்ப்பதற்காக அவ்வீட்டுக்குச் சென்று வந்த பழக்கத்தில், ஒருநாள் ஆச்சி கேட்டார்: "தம்பி, இந்த டவுன் பஸ்ஸிலேயே ஏறி ஏறி எம்புட்டுத் தூரம் போகலாம்?" வெளியூரில் இருக்கும் மகன் காரும் ஓட்டுநரும் அனுப்பத் தயாராக இருப்பதை நினைவூட்டினோம். "காரில் போனா டிரைவர் பிடரியைத்தான் பார்க்கணும். பேச ஆள் கிடையாது" என்றார். எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடைதான் இக்கட்டுரைக்கு வித்து. "எங்கேயும் இல்லை, சும்மா."

அந்தச் 'சும்மா'வின் எடை விளங்க வேண்டுமானால், இந்த மண்ணில் யார் யார் எதற்காகப் பயணம் போனார்கள் என்று பார்க்க வேண்டும்.

செட்டிநாடு பயணத்தால் எழுந்த நாடு. செம்மண்ணும் சரளையும் கண்மாயை நம்பிய வேளாண்மையும் கொண்ட இவ்வறண்ட நிலத்தில், பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக் கல்லும் வந்து குவிந்தது கடல் கடந்த வணிகத்தால்தான். இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் என்று நகரத்தார் சென்றார்கள். அவர்கள் பேச்சில் அதற்குக் 'கொண்டுவிக்கப் போதல்' என்று பெயர். கொண்டு போய் விற்பது என்ற பழந்தொடர், வட்டித் தொழில் வந்த பிறகும் மாறவில்லை. மேலாளராகவோ அடுத்தாளாகவோ மூன்றாண்டுக் கணக்குக்குப் போவார்கள். கணக்கை முடித்து ஊர் திரும்புவார்கள். சில காலம் தங்கியிருந்து மீண்டும் கப்பலேறுவார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா என்ற கப்பலின் பெயர் இப்பகுதி முதியவர்களுக்கு உறவினர் பெயர் போலவே பழக்கம். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கில் இறங்கலாம்.

ஏறியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் ஊரிலேயே இருந்தார்கள். வீடு காத்தார்கள், வரவு செலவு பார்த்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், மாமியாருக்கும் மருமகளுக்கும் தனித்தனி அடுப்பென்றாலும் ஒரே வளவில் வாழ்ந்தார்கள். நம் ஆச்சியும் அவர்களில் ஒருவரே. பதினேழு வயதில் திருமணம். கணவர் ஈப்போவுக்குப் போனபோதெல்லாம் ஊர் எல்லைப் பிள்ளையார் கோயில் வரை சென்று வழியனுப்பியிருக்கிறார். "எல்லை அதுதான் தம்பி. அதுக்கு மேலே அவுக போவாக, நான் திரும்பிருவேன்."

கடல்வழிச் செலவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்று பொருள் கொள்ளப்படும் நூற்பா ஒன்று தொல்காப்பிய அகத்திணையியலில் உண்டு. அது விதியா, அன்றைய வழக்கத்தைச் சொல்லும் குறிப்பா என்று அறிஞர்கள் வாதிடலாம். விதியோ வழக்கோ, அது இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் நீண்டிருந்ததைச் செட்டிநாட்டுத் திண்ணைகள் சொல்லும். மலாயாவுக்கும் பர்மாவுக்கும் குடும்பத்தோடு சென்றவர்கள் பிற்காலத்தில் உண்டு. ஆனால் அவர்கள் பொது வழக்காக இருந்ததில்லை.

சரி, நம் இலக்கியத்தில் துணிந்து வெளியே சென்ற பெண்களே இல்லையா? இருக்கிறார்கள். நகரத்தார் தம் முன்னோரின் ஊராகச் சொல்லிக்கொள்வது காவிரிப்பூம்பட்டினத்தை. அதே ஊரிலிருந்து கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்தபோது வழித்துணையாக வந்தவர் கவுந்தியடிகள். அவர் சமணத் துறவி. காரைக்கால் அம்மையாரும் வணிகர் குலத்துப் பெண். கணவன் பரமதத்தன் கலமேறிச் சென்று வேற்றூரில் வேறு வாழ்வு தொடங்கியபின், அழகிய உடலைத் துறந்து பேயுருவம் வேண்டிப் பெற்று, அதன் பிறகே கயிலைக்குப் புறப்படுகிறார். ஔவையாரைப் பற்றி வழங்கும் கதையோ எல்லாரும் அறிந்தது. திருமணப் பேச்சிலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் இளமையை எடுத்துக்கொள்ளும்படி வேண்டிக் கிழவியாகி, பிறகு ஊர் ஊராக நடக்கிறார். 1953இல் ஜெமினி நிறுவனம் எடுத்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நடந்த நடை நம் முந்தைய தலைமுறையின் கண்ணில் இன்னும் நிற்கிறது.

துறவு, பேயுருவம், முதுமை. பெண் தனித்துப் பயணம் செய்ய நம் மரபு கேட்ட கட்டணங்கள் இவை. ஆண்கள் இப்படி எதையும் கொடுக்கத் தேவையிருக்கவில்லை. பாணனும் பொருநனும் பசியோடு நடந்தார்கள் என்பது உண்மை. ஆனால் நடப்பதற்காக அவர்கள் உருமாற வேண்டியிருந்ததில்லை.

செட்டிநாட்டு ஆச்சிமார் ஊரைவிட்டு எங்குமே போகவில்லை என்று இதற்குப் பொருளில்லை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது கோயில்களும் நகரத்தாரை ஒன்பது பிரிவுகளாகப் பிணைப்பவை. கோயில், திருமணம், சாந்தி, புதுமை, துக்கம் என்று போக வர இருந்துகொண்டே இருக்கும். பழனிக்கு நடந்து சென்ற பெண்களும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியம் உண்டு. "காரியமாப் போனதுதான். போனோமா, செஞ்சோமா, வந்தோமான்னு இருக்கும். வழியில் என்ன இருந்ததுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. வண்டியில் திரை போட்டிருக்கும்" என்றார் ஆச்சி.

அப்போது உடன் இருந்த அம்மாள் ஒரு வாக்கியம் சேர்த்தார். "எங்க ஆத்தாவுக்குத் தெரியும் சார். அது வண்டிகூடவே நடந்து வரும்ல."

வீட்டுச் சாமான் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்னே நடந்தவரின் மகள் அவர். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. திரைக்குள் இருந்தவருக்கு வழி தெரியவில்லை, வழி தெரிந்தவருக்கு வண்டியில் இடமில்லை.

பேருந்து இந்த ஏற்பாட்டை மெல்ல மெல்லக் கலைத்தது. 1910களில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய பேருந்துத் தொழில் தென்மாவட்டங்களுக்கு ஒரு முன்மாதிரி. பிறகு சிறிதும் பெரிதுமாகத் தனியார் பலர் வண்டி விட்டார்கள். 1930ஐ ஒட்டித் திருச்சி - மானாமதுரை ரயில் பாதை காரைக்குடி வழியாக வந்து சேர்ந்தது. ரயிலடிக்கும் ஊருக்கும் இடையே பேருந்துக்கு வேலை கூடியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, வண்டியின் பின்னால் அடுப்பு போன்ற கலத்தைப் பொருத்தி அடுப்புக்கரியிலிருந்து வாயு எடுத்து ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை முதியவர்கள் சிரிப்போடு சொல்வார்கள். அதே போரில்தான் பர்மாவிலிருந்து 1942இல் இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பினார்கள். அவர்களில் தமிழரும் ஏராளம். கப்பலில் போனவர்கள் காலால் திரும்பிய காலத்தில் ஊரில் பேருந்து கரியில் ஓடிக்கொண்டிருந்தது.

1967க்குப் பிறகு தமிழகத்தில் பேருந்துகள் படிப்படியாக நாட்டுடைமையாயின. 1972இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. வரலாற்று நூலின் பொருளடக்கம் போன்ற பெயர்கள்! பின்னர் காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு மருது பாண்டியர் பெயரில் ஒரு கழகம் அமைந்தது. 1997இல் ஒரு புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டியதை ஒட்டித் தென்மாவட்டங்களில் மோதல்கள் மூண்டன. அதன்பின் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன. பசும்பொன் மாவட்டம் சிவகங்கை மாவட்டமானதும் அப்போதுதான். ஒருவருக்கு உரிய பெயர் தாங்கிய வண்டியில் இன்னொருவர் ஏற மறுக்கும் அளவுக்குப் பேருந்து நம் சமூகத்தின் கண்ணாடியாகிவிட்டது. எல்லாரும் ஒரே படியில் ஏறி ஒரே இருக்கையில் அமரும் இடம் அது என்பதே அதற்குக் காரணமாகவும் இருந்திருக்கலாம்.

அடுத்த பெரிய மாற்றம் 2021இல் வந்தது. அவ்வாண்டு மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு. க. ஸ்டாலின் முதல் நாளில் கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே நடைமுறைக்கு வந்தது. பின்னர் திருநங்கையரும் மாற்றுத் திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். 'விடியல் பயணம்' என்ற பெயரும் ஏற்பட்டது. தில்லி 2019இலேயே இப்படியொரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. கருநாடகமும் தெலங்கானாவும் 2023இல் தொடங்கின. வேலைக்குச் செல்லும் பெண்களின் மாதச் செலவு குறைவதைப் பற்றியே அதிகம் பேசப்பட்டது. அது நியாயமே. ஆனால் வேலைக்கும் போகாத, பள்ளிக்கும் போகாத, 'எங்கே போறீங்க' என்று எவரும் கேட்காத ஒரு வயதில் இருக்கும் பெண்களுக்கு அது என்ன செய்தது என்பதை நாம் நேரில் காணும் வாய்ப்பு அன்று வாய்த்தது.

காலை ஒன்பதரைக்கு மேல் புறப்பட்டோம். பள்ளி, கல்லூரிக் கூட்டம் இறங்கிவிடும் நேரம் என்று கணக்குப் பார்த்தவர் அம்மாள்தான். இங்கிலாந்தில் 2008 ஏப்ரல் முதல் முதியோருக்கு நாடெங்கும் உள்ளூர்ப் பேருந்தில் இலவசப் பயணம் உண்டு. ஆனால் வேலை நாட்களில் காலை ஒன்பதரைக்குப் பிறகே அது செல்லும் என்பது அங்கே சட்டம். இங்கே சட்டமில்லாமலே அதே நேரத்தை அம்மாள் கண்டுபிடித்திருந்தார்! எவர்சில்வர் தூக்கில் புளியோதரை, ஓலைக் கொட்டானில் சீப்புச் சீடை, ஒரு கூஜா தண்ணீர் ஆகியவற்றோடு நிறுத்தத்தில் நின்றோம்.

வண்டியின் முதற்படி முழங்காலுக்கு மேல் இருந்தது. ஆச்சி கம்பியைப் பிடிக்க, அம்மாள் பின்னிருந்து தாங்க, நாம் கொட்டானைச் சுமக்க, ஒருவாறு ஏறினோம். ஜன்னலோரத்தில் முதலில் அமர்ந்தவர் அம்மாள். பழக்கத்தால் உடனே எழப் போனவரை, "இரு, திரும்பையிலே நான் உட்கார்ந்துக்கிறேன்" என்று ஆச்சி கையமர்த்தினார். அதை நாம் பார்க்காதது போல் இருந்துவிட்டோம்.

நடத்துநர் வந்தார். ஆச்சி இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார்.

"வேண்டாம் ஆச்சி. உங்களுக்கு டிக்கெட் சும்மா."

"நான் கொடுக்க மாட்டாதவ இல்லையே அப்பு. வாங்கிக்க."

"வாங்க எனக்கு வழியில்லை ஆச்சி" என்று சிரித்தபடி, கட்டணம் இல்லாத இரண்டு சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நம்மைப் பார்த்துக் கைநீட்டினார். மூவரில் காசு கொடுத்தது நாம் ஒருவர்தான்.

ஆச்சியின் முகம் சற்று வாடியது. 2022இல் பொறுப்பிலிருந்த ஒருவர் இப்பயணத்தை 'ஓசி' என்று மேடையில் குறிப்பிட்டுச் சர்ச்சையானது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அச்சொல் தைத்த இடம் இதுதான். கொடுத்தே பழகிய வீட்டுப் பெண்ணுக்குப் பெற்றுக்கொள்வது எளிதன்று. நாம் மெல்லச் சொன்னோம்: "ஆச்சி, உங்கள் நகரத்தார் காசியிலும் இராமேசுவரத்திலும் சத்திரம் கட்டினார்களே, தங்கியவர்களை ஓசி என்றா சொன்னார்கள்?" சாலையோரத்துத் தண்ணீர்ப் பந்தல், சோலை, ஊருணி, சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல். வழிப்போக்கரைத் தாங்குவது இந்நாட்டில் அறத்தின் முதல் வடிவமாக இருந்திருக்கிறது. சுமைதாங்கிக் கற்களில் பல, பிள்ளைப்பேற்றுக்கு முன் கருவோடு இறந்த பெண்களின் நினைவாக நட்டவை. ஒரு பெண்ணின் இறக்காத சுமைக்கு ஈடாக ஊரார் சுமையை இறக்கிவைக்கும் கல் அது. செல்வரும் உறவினரும் தருமமாகச் செய்ததை இன்று அரசு வரிப்பணத்தில் செய்கிறது. வேறுபாடு ஒன்றுண்டு: சத்திரத்தில் யார் எந்தப் பந்தியில் அமரலாம் என்ற கணக்கு இருந்தது. இந்த வண்டியில் அக்கணக்கு இல்லை.

ஆச்சி சீட்டை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் வரை எல்லாச் சீட்டுகளையும் சேர்த்து வைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

காரைக்குடியில் வண்டி மாறிக் குன்றக்குடிச் சாலையில் செல்லும்போது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். மழைக்குப் பின் நிறைந்த கண்மாய்கள், கரையில் பனைகள், அறுவடைக்குப் பின் ஆடு மேயும் தாள் வயல்கள், செம்மண் மேட்டில் பூத்த ஆவாரை. பெரிய காட்சி என்று சொல்ல ஒன்றுமில்லை. பேருந்தின் உயரத்திலிருந்து பார்த்தால் கண்மாய்க் கரைக்கு அப்பாலுள்ள நீர் தெரிகிறது. காரில் கரை மட்டுமே தெரியும். குன்றக்குடி மலை கண்ணில் பட்டதும் வண்டிக்குள் பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மருது சகோதரர் திருப்பணி செய்த கோயில் அது. அவர்கள் உருவங்களும் அங்கே உண்டு. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் பெயரை முன்பு வண்டியின் நெற்றியில் தாங்கிய கழகம் ஓடிய அதே சாலைதான் இது என்று சொன்னபோது அம்மாள், "ஆமா சார், நான் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் 'ம' படிச்சேன்" என்றார். பேருந்தின் வரலாற்றை எழுதுபவர்கள் இதையும் ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும்.

பிள்ளையார்பட்டியில் குடைவரைக்குள் பாறையிலேயே வடித்த கற்பக விநாயகரை வணங்கினோம். இரு கைகளும் வலம்சுழித்த துதிக்கையுமாக வடக்கு நோக்கி அமர்ந்திருக்கும் பெரிய உருவம். ஔவை தம் இளமையை எந்தப் பிள்ளையாரிடம் ஒப்படைத்தாள் என்பதைக் கதை சொல்வதில்லை. ஆனால் அன்று அங்கே நின்றபோது நமக்கு அக்கதை வேறாகத் தெரிந்தது. ஔவை முதுமையைக் கேட்டு வாங்கினாள். உடனே உலகமும் கிடைத்தது. நம்மோடு நின்றவர்களுக்கு முதுமை கேளாமலே வந்துவிட்டது. உலகம்தான் வந்து சேரவில்லை. இளமையும் போய், ஊர் எல்லைப் பிள்ளையாரைத் தாண்டாமலும் முடிந்துபோன ஆச்சிமார் எத்தனை பேர்!

கோயிலோடு திரும்பிவிடலாமா என்று கேட்டோம். ஆச்சி தலையசைத்தார். "கோயிலுக்கு வந்தா அது காரியம். இன்னைக்குச் சும்மாவுல்ல வந்திருக்கோம்."

ஆகவே வைரவன்பட்டியைக் கடந்து திருப்பத்தூர் சென்று, அங்கிருந்து மதுரைச் சாலையில் கொள்ளுக்குடிப்பட்டிக்கு இன்னொரு வண்டி பிடித்தோம். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்ற மூன்று கண்மாய்களும் சேர்ந்து 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 38 எக்டேர்தான். ஆனால் சட்டம் வருவதற்கு வெகு முன்பிருந்தே பறவைகளுக்கு இடையூறாகும் என்று இவ்வூரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

நீரில் நின்ற கருவேல மரங்கள் பறவைகளால் வெளுத்திருந்தன. நத்தை குத்தி நாரைகள், கரண்டிவாயன்கள், வக்காக்கள், நீர்க்காகங்கள். கரையில் துண்டை விரித்து அமர்ந்து புளியோதரையைப் பிரித்தோம். நாரை ஒன்று குச்சியைக் கவ்வி வந்து கூட்டில் இருந்ததிடம் கொடுத்தது. அது குச்சியைச் செருகிவிட்டுத் தானும் பறந்து போனது. வந்தது இப்போது கூட்டில் அமர்ந்துகொண்டது. ஆச்சி சோற்றை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தி மாத்திப் போகுதுக பாரு" என்றார் அம்மாளிடம்.

சத்திமுற்றப் புலவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வறுமையில் வாடிய அப்புலவர் நாரையை விளித்துத் தூது சொன்னபோது, அது தன் பெடையோடு சேர்ந்தே தென்குமரி வரை சென்று வடக்கே மீள்வதாகத்தான் பாடினார். வலசை போகும் பறவைக்குப் பெடையோடு செல்வது இயல்பு. அதே பாடலில் புலவரின் மனைவியோ ஊரில் சுவரோரம் காத்திருக்கிறாள். பலமுறை நடத்திய பாடல்தான். அந்த முரணை அன்றுதான் கவனித்தோம்.

இப்பகுதி பயண எழுத்துக்குப் பேர்போனது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயர் பெற்று, காந்தியைப் பற்றிய ஆவணப் படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்த ஏ. கே. செட்டியார் கோட்டையூர்க்காரர். பயண நூல்களும் மாவட்ட வரலாறுகளும் எழுதிக் குவித்த சோமலெ நெற்குப்பைக்காரர். இருவருக்கும் தமிழ் கடன்பட்டிருக்கிறது. அவர்கள் காலத்தில் அதே தெருக்களில் காத்திருந்த பெண்களின் பயண நூல் ஒன்றுகூட நம் கையில் இல்லை. எழுதத் தெரியாமல் அன்று. எழுதுவதற்குப் பயணம் வேண்டுமே! 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. உலகத்தார் வந்து வளவையும் தூண்களையும் படமெடுத்துச் செல்கிறார்கள். அத்தூண்களின் நடுவே அறுபதாண்டு இருந்தவர் அன்றுதான் நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு கண்மாயைப் பார்த்தார்.

திரும்பும்போது ஜன்னலோரம் ஆச்சியின் முறை. காரைக்குடி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஊருக்கான வண்டி உரிய நேரத்தில் வரவில்லை. அரை மணி, முக்கால் மணி, ஒரு மணி. அமர இடமில்லாமல் ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் நமக்கு உறைத்தது: கட்டணம் இல்லை என்பது பாதிதான், வண்டி வருவதே மறுபாதி. முழங்காலுக்கு மேல் இருக்கும் படியும், சாய்வதற்கு இருக்கை இல்லாத நிறுத்தமும், எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாத கடைசி வண்டியும் எண்பது வயதுப் பெண்ணை மீண்டும் வளவுக்குள் அனுப்பப் போதுமானவை. சிற்றூருக்கு ஒரு நடை குறைந்தால் செய்தித்தாளில் அது செய்தியாகாது. அவ்வூரில் உள்ள முதியவர்களுக்கு உலகம் ஒரு நடை சுருங்கும். கட்டணத்தைப் பற்றி இவ்வளவு விவாதித்த நாம் இதைப் பற்றியும் பேச வேண்டும்.

கடைசியில் வண்டி வந்தது. ஊர் எல்லைப் பிள்ளையார் கோயில் விளக்கு தெரிந்ததும் ஆச்சி ஜன்னல் வழியே கைகூப்பினார். அவர் கணவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பிய அதே இடம். இம்முறை அவர் அப்பாலிருந்து வந்துகொண்டிருந்தார்.

வீட்டு முகப்பில் அமர்ந்து சுருக்குப் பையைத் திறந்து எல்லாச் சீட்டுகளையும் எண்ணினார். தமக்குப் பாதி, அம்மாளுக்குப் பாதி என்று பிரித்து, அவர் பங்கை அவரிடமே கொடுத்தார். பிறகு நம்மைப் பார்த்து, "தம்பி, உங்களுக்கு இன்னைக்கு எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டார்.

எந்தப் பொருளில் கேட்டார் என்று நாம் விசாரிக்கவில்லை. அடுத்த வாரம் திருமயம் கோட்டையைப் பார்க்கலாமா என்று இருவரும் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.